உங்களுக்குத் தெரியுமா? கேமராவோடு கோஸ்டாரிக்கா

● கோஸ்டாரிக்காவின் பரப்பு சுமார் 51,100 சதுர கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. அதற்குள் 900-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள்! ஒரு பக்கம் பசிபிக், மறு பக்கம் கரீபியன் கடல், நடுவே 3,800 மீட்டர் வரை எழும் மலைத்தொடர். காலையில் தார்கோலஸ் ஆற்றுப் பாலத்தில் நின்று முதலைகளைப் படமெடுத்தவர், மாலைக்குள் மேகம் தவழும் மலைக்காட்டில் இருக்கலாம். காட்டுயிர்ப் படம் எடுக்கக் கிளம்பும் யாருக்கும் முதல் வெளிநாடாக இதைத்தான் சொல்வேன்.

● அங்கே வருஷம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். ஐந்தரை மணியை ஒட்டி விடிந்துவிடும். மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். எட்டு மணிக்கு எழுந்து, காபி குடித்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு அன்றைய நல்ல வெளிச்சம் போயே போய்விட்டது. காட்டின் மரக்கூரைக்குக் கீழே உச்சிப் பொழுதிலும் அரையிருட்டுதான். ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றத் தயங்கினால் படம் கலங்கித்தான் வரும்.

● ஹம்மிங் பறவையின் சிறகு அசையாமல் உறைந்து நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த வித்தையைச் செய்வது ஷட்டர் அல்ல, ஃபிளாஷ். சிறிய இனங்கள் நொடிக்கு ஐம்பது தடவைக்கும் மேல் சிறகடிக்கும். ஃபிளாஷின் சக்தியைப் பதினாறில் ஒரு பங்கு, முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்று குறைத்தால், அது மின்னும் நேரமும் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கும். பூவைச் சுற்றி நாலைந்து ஃபிளாஷ்களை நிறுத்தி, இயற்கை வெளிச்சம் பதியாதபடி கேமராவைச் சரிசெய்துவிட்டால், அந்த மின்னல் நேரத்தில் கண்டது மட்டும்தான் படம். பின்னால் தெரியும் பச்சைக் காடு பல நேரம் அச்சடித்த அட்டை! இதைச் சிலர் ஏமாற்று என்பார்கள். படத்தோடு அதையும் எழுதிவிட்டால் போதும் என்பது என் கட்சி. ஆனாலும், தொண்டை இறகு ஒரு கணம் கறுப்பாகவும் தலை திரும்பினதும் ஊதாவாகவும் பற்றி எரிவதை இயற்கை ஒளியில் காத்திருந்து பிடிப்பவர்மேல்தான் எனக்கு மதிப்பு அதிகம்.

● நம் தேன்சிட்டும் ஹம்மிங் பறவையும் உறவில்லை. இரண்டும் பூந்தேனைத் தேடிப் போய்த் தனித்தனியே நீண்ட அலகு பெற்றவை. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்து குடிக்கும். ஹம்மிங் பறவை அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும், பின்பக்கமாகவும் பறக்கும். அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி உலகில் எங்கும் அது கிடையாது. கோஸ்டாரிக்காவில் மட்டும் சுமார் 50 இனங்கள்.

● கெட்சால் பறவையைப் பார்க்க வேண்டுமானால் முதலில் மரத்தைப் பாருங்கள். அதற்குப் பிடித்தது அவகாடோவின் காட்டுச் சொந்தமான ஒரு சின்னப் பழம். சான் ஹெரார்தோ தே தோத்தா பள்ளத்தாக்கில் அந்த மரம் பழுத்திருக்கும் இடத்தில்தான் வழிகாட்டிகள் காத்திருப்பார்கள். ஆணின் வாலுக்கு மேலிருந்து தொங்கும் இறகுகள் ஒரு மீட்டர் நீளம் வரை வரும். பட்டமரப் பொந்தில் அது அடைகாக்கும்போது அந்த இறகுகள் மடிந்து வெளியே தொங்கும். அதன் பச்சை, சாயம் அல்ல. இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பது. அதனால் நின்ற கோணத்தைப் பொறுத்து ஒரே பறவை ஒரு படத்தில் பச்சை, அடுத்த படத்தில் நீலம்.

● கோஸ்டாரிக்கா என்றதும் கண்முன் வரும் செங்கண் மரத்தவளை, பகலில் உறங்கும் பிராணி. இலையின் அடியில் கைகால்களை மடக்கி, விலாவின் நீலத்தை மறைத்து, வெறும் பச்சை உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் மூடிய கண்ணின்மேல் பொன்னிழை வலைபோல ஒரு மெல்லிய இமை. அதற்குப் பின்னால் சிவப்பு மங்கலாகத் தெரியும். எனக்கு அந்தப் படம்தான் அழகு. பட்டப்பகலில் கண்ணை முழுக்க விழித்துக் கிளையைப் பற்றி நிற்கும் படம் கிடைத்தால், யாரோ அதை எழுப்பியிருக்கிறார்கள் என்று தாராளமாகச் சந்தேகப்படலாம். தூங்கும் தவளையைத் தட்டி எழுப்பி எடுத்த படத்துக்குப் பரிசு கொடுக்கக்கூடாது. இரவு வரட்டும், அதுவே கண் திறக்கும்.

● அதே தவளையின் முட்டைகள் குட்டைக்கு மேலே இலையில் ஒட்டியிருக்கும். பாம்பு வந்து கவ்வினால், அந்த அதிர்வை உணர்ந்து நாள் நிறையாத கருக்களும் அவசரமாகப் பொரிந்து தண்ணீரில் குதித்துத் தப்பும்!

● கண்ணாடித் தவளை தூங்கும்போது தன் சிவப்பணுக்களில் ஏறக்குறைய 90 சதவீதத்தைக் கல்லீரலில் ஒளித்துவைத்துக்கொள்கிறது. உடம்பு ஊடுருவித் தெரிவதால் எதிரியின் கண்ணில் படுவதில்லை. இது தெரியவந்தது 2022-இல்தான்.

● மோன்தேவெர்தே மேகக்காட்டின் பொன்தேரையை 1989-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அருங்காட்சியகத்தில் ஊறவைத்த உடல்களில் அதன் ஆரஞ்சு நிறம் நிற்காது. அந்த ஆரஞ்சு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள அதற்கு முன் எடுத்த புகைப்படங்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

● வாழைக்கு உறவான ஹெலிகோனியா இலை நடுநரம்பின் இருபுறமும் மடிந்து தொங்கினால், குனிந்து பாருங்கள். ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லாத வெள்ளை வௌவால்கள் பக்க நரம்புகளைக் கடித்து அமைத்த கூடாரம் அது. இலை வழியே இறங்கும் ஒளியில் வெள்ளை ரோமம் பச்சையாகத் தெரிவதால் வேறு மறைப்பு வேண்டியதில்லை. கையை நீட்டி இலையைத் தூக்கினால் கூட்டமே கலைந்துவிடும்.

● மரத்தில் தொங்கி வாழும் ஸ்லாத் என்ற விலங்கு சிரிப்பதில்லை. அதன் முக அமைப்பே அப்படி. பயந்திருந்தாலும் அதே முகம்தான். அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு செல்ஃபி எடுப்பவர்களுக்கு இது புரிவதில்லை. காட்டுயிர்களைத் தொட்டும் பிடித்தும் செல்ஃபி எடுக்காதீர்கள் என்று 2019-இல் அந்நாட்டு அரசே பிரசாரம் தொடங்கியது. 2021-இல் ஸ்லாத் தேசியச் சின்னமானது. வாரம் ஒருமுறை மலம் கழிக்கத்தான் அது மரத்தைவிட்டு இறங்கும். ஆகவே கழுத்து வலிக்க மேலே பார்த்தபடி நடக்க வேண்டியது நாம்தான்.

● கரீபியன் பக்கத்துத் தோர்த்துகேரோ கடற்கரையில் பச்சை ஆமை முட்டையிடுவதை இரவில் பார்க்கலாம். கேமராவுக்கு அனுமதி இல்லை, செல்போனுக்கும் இல்லை. வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பக்கூடும். மறுகரையான பசிபிக்கில், ஒஸ்தியோனால் கடற்கரைக்குத் திரள்திரளாக வருவது நம் சென்னைக் கரையேறும் அதே பங்குனி ஆமை இனம்.

● குளிர்சாதன அறையிலிருந்து கேமராவைச் சட்டென்று வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் படிந்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். பையை மூடியபடியே வெளித் திண்ணையில் வைத்து, வெளிச்சூட்டுக்கு வந்ததும் திறங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் எப்போதும் பைக்குள் இருக்கட்டும்.

● 1980-களில் கோஸ்டாரிக்காவில் மிஞ்சியிருந்த காடு, நாட்டின் பரப்பில் கிட்டத்தட்ட கால்பங்குதான். இன்று பாதிக்கும் மேல். 1996 வனச் சட்டத்துக்குப் பிறகு, நிலத்தில் காட்டை வெட்டாமல் வைத்திருப்பவருக்கு அரசு பணம் கொடுக்கிறது. விளையாட்டுக்காக வேட்டையாடுவதும் 2012-இல் தடையானது. காட்டுக்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி எரிபொருள் வரியிலிருந்து வருகிறது. படமெடுக்கப் போகிறவர் வாடகைக் காருக்குப் போடும் பெட்ரோலுக்கும் அந்த வரி உண்டு.