செல்லுக்குள் வைரஸ்: முகத்தைவிட முகவரி முக்கியம்

சாதாரண நுண்ணோக்கி எவ்வளவு உயர்தரமானதாக இருந்தாலும், சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே இருப்பவற்றைப் பிரித்துக் காட்டாது. கரோனா வைரஸின் விட்டமோ ஏறத்தாழ 100 நானோமீட்டர். ஒளிக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையால் பார்க்கும் கருவியை 1931இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் க்னோலும் உருவாக்கினார்கள். அதைக் கொண்டு வைரஸ்களை முதலில் படம்பிடித்தவர்களில் ஒருவர், எர்ன்ஸ்டின் தம்பியான மருத்துவர் ஹெல்முட் ருஸ்கா.

தொற்றிய மனிதச் செல்லுக்குள் வைரஸைப் பார்ப்பதற்குத்தான் பாடு அதிகம். முழுச் செல்லை எலக்ட்ரான்களால் ஊடுருவ முடியாது. கருவிக்குள் வெற்றிடம் என்பதால் ஈரமும் ஆகாது. அதனால் செல்களைக் குளூட்டரால்டிஹைடில் இட்டு, உள்ளமைப்பு கலையாமல் நிலைநிறுத்துகிறார்கள். பிறகு ஆல்கஹாலால் நீரை அகற்றி, எபாக்ஸி பிசினில் பதித்து, அது இறுகியதும் வைரக்கத்தியால் சீவுகிறார்கள். ஒரு சீவலின் தடிமன் சுமார் 70 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

கத்தியை ஒட்டிய சிறு தொட்டி நீரில் சீவல்கள் மிதந்து வரும். அவற்றில் மின்னும் நிறத்தைப் பார்த்தே தடிமனைச் சொல்லிவிடலாம்: வெள்ளி நிறம் என்றால் சரி, பொன்னிறம் என்றால் தடித்துவிட்டது. 3 மில்லிமீட்டர் செப்பு வலையில் அவற்றை ஏந்தி, யுரேனியம், ஈய உப்புகளைப் பூசுகிறார்கள். உலோகம் படிந்த இடங்கள் படத்தில் கருப்பாகத் தெரியும்.

சீவல் வைரஸைவிட மெல்லியது என்பதால் வைரஸும் வெட்டுப்படுகிறது. எய்ட்ஸ் வைரஸின் கூம்பு வடிவ உட்கூடு, வெட்டிய கோணத்தைப் பொறுத்து வட்டமாகவும் தெரியும். ஆகவே உருவத்தை மட்டும் நம்ப முடியாது. இருக்குமிடத்தையும் பார்க்க வேண்டும். எய்ட்ஸ் வைரஸ் பெரும்பாலும் செல்லின் வெளிச்சவ்விலிருந்து மொட்டுவிடும், அதாவது மொட்டுபோல் புடைத்துப் பிரியும். கரோனாவோ செல்லுக்குள்ளேயே, கோல்கி உறுப்பை ஒட்டிய சவ்வுப்பைகளுக்குள் மொட்டுவிடும்.

2020இல் இதில்தான் குழப்பம் வந்தது. சிறுநீரகம் போன்ற உறுப்புகளின் செல்களில் கரோனாவைக் கண்டதாகச் சில ஆய்வுகள் வெளியாயின. அந்தப் படங்களில் பலவற்றை மற்ற நிபுணர்கள் மறுத்தார்கள். அவற்றில் தெரிந்தவை செல்லின் இயல்பான போக்குவரத்துப் பைகள் என்றார்கள். கரோனாவைப் போலவே அந்தப் பைகளுக்கும் விளிம்பில் முள் போன்ற புரத உறை உண்டு. ஆனால் அவை செல்சாற்றில் நேரடியாக மிதக்கும். கரோனாத் துகளோ ஒரு சவ்வுப்பைக்குள் அடைபட்டிருக்கும், துகளின் உள்ளே மரபுப்பொருள் கரும்புள்ளிகளாகத் தெரியும்.

இனி ஒரு நுண்ணோக்கிப் படத்தைக் காட்டி ‘இதோ வைரஸ்’ என்று யாராவது சொன்னால், அது செல்லின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.