டிராக்டர்ப் புகையும் குடியானவனும்

டிராக்டர் கக்கும் புகைக்கு வரம்பு கட்டும் 'ட்ரெம்' நான்காம் கட்ட விதி நமது தேசத்தில் 2020 அக்டோபரிலேயே அமுலுக்கு வந்திருக்க வேண்டும். தவணைமேல் தவணை கொடுத்து, 2023 ஜனவரி 1-ந் தேதிதான் அது வந்தது. அதுவும் 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்டவற்றுக்கே. சிறு குடியானவன் வாங்குவதோ பெரும்பாலும் அதற்குக் குறைந்ததையே. அவற்றைப் பழைய தளர்ந்த விதியிலேயே விட்டுவிட்டார்கள்.

அதுவே நல்லது என்பாரும் உளர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமற் போகவில்லை. டீசல் சரிவர எரியாவிடில் கரித்தூள் உண்டாகிறது. மிகுந்த உஷ்ணத்தில் எரிந்தாலோ நைட்ரஜன் ஆக்ஸைடு. ஒன்றை அடக்கினால் மற்றொன்று தலைதூக்கும். இரண்டையும் குறைப்பதற்கு, எண்ணெயை மிகுந்த அழுத்தத்தில் நுண்திவலையாகப் பீச்சும் 'காமன் ரெயில்' அமைப்பும், அதை நடத்தும் மின்னணுக் கருவியும் வேண்டியிருக்கின்றன. விலை ஏறுகிறது. பழைய பம்பை ஊர்ப் பக்கத்துப் பட்டறையிலேயே பழுது பார்க்கலாம். இதற்கோ கம்பெனி ஆளை எதிர்பார்த்து நிற்க வேண்டும். விதைப்புக் காலத்தில் இரண்டு நாள் நின்றால் வரும் நஷ்டத்தைப் பட்டணத்து அதிகாரிகள் அறிவார்களா?

ஆயினும் அப்புகையைச் சுவாசிப்பவன் யார்? டீசல் புகை புற்றுநோயை உண்டாக்குமென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-லேயே தீர்மானமாகக் கூறிவிட்டது. திறந்த ஆசனத்தில் நாள் முழுதும் அமர்ந்து உழுகிறவனுக்கு, மலிவு என்ற பெயரால் இதைக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? சிறிய டிராக்டரை விதிக்கு வெளியே நிறுத்துவது பரிகாரமாகாது. ஏறும் விலையில் சர்க்கார் ஒரு பங்கை ஏற்கட்டும். பழுது கண்டறியும் கருவியையும் முறையையும் கம்பெனிகள் ஊர்ப் பட்டறைக்காரனிடம் ஒப்படைக்கும்படி விதியிலேயே எழுதட்டும்.