மாமா என்றால் யார்?

கொரியத் தொடர்களில் பிள்ளைகள் ‘அப்பா’, ‘ஒம்மா’ என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, கொரியமும் தமிழும் ஒரே குடும்பமா என்று வாசகர்கள் கேட்கிறார்கள். இந்த இரண்டு சொற்களை வைத்து முடிவுகட்டப் புறப்பட்டால், ‘மாமா’ நம்மைத் திணறடித்துவிடும். நமக்கு அவர் தாயின் உடன்பிறந்தார். சீனத்திலும் சுவாஹிலியிலும் தென் அமெரிக்காவின் கெச்சுவாவிலும் மாமா என்றால் அம்மா. ஜார்ஜிய மொழியிலோ அப்பா! அங்கே அம்மாவுக்குப் பெயர் ‘தெதா’. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான பிட்ஜன்ஜாஜராவிலும் மாமா அப்பாதான்.

பால் குடிக்கும் குழந்தையின் உதடு மூடியிருக்கிறது, மூச்சு மூக்கு வழியே போகிறது. அந்த நிலையில் குரல் எழுந்தால் ‘ம்’ மட்டுமே வரும். வாய் விலகித் திறந்தால் ‘மா’. அதையே இரண்டு தடவை சொன்னால் ‘மாமா’. இந்த இரட்டிப்புதான் அழகு. ஒற்றை ‘மா’ முனகலாகப் போய்விடும். திரும்ப வரும்போதுதான் அது பேச்சாகக் காதில் விழுகிறது. பிறந்து சில நாளேயான சிசுக்களின் மூளையே, அடுத்தடுத்து இரட்டித்து வரும் அசைகளைத் தனித்து அறிகிறது என்று 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது.

குழந்தை அப்போது யாரையும் அழைக்கவில்லை. பொருளைத் தருவது பெரியவர்கள். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, காலியாகக் கிடக்கும் அசைகளில் உறவினர் துண்டு போடுகிறார்கள். பெரும்பாலும் தாய் முதலில் ஏறி ‘ம’ இருக்கையைப் பிடிக்கிறாள். தந்தைக்குப் பக்கத்து ‘ப’. ஜார்ஜியாவில் தந்தை முந்திக்கொண்டார், தாய் ‘தெ’வுக்கு நகர்ந்தாள். நம் வண்டியில் அம்மா தன் இருக்கையோடு தம்பிக்கும் ஓர் இடம் போட்டுவைத்தாள். ஜப்பானில் ஏறியவர் மாறவில்லை, இருக்கையே உருமாறியது: தாயைக் குறித்த பழைய ‘பாபா’, பகரம் தேய்ந்து இன்று ‘ஹாஹா’.

இதை ஆராய்ந்த வரலாறு சுருக்கமானது. மர்டாக் என்ற மானிடவியலர் 1072 தாய், தந்தைச் சொற்களைத் திரட்டினார். தாய்ச் சொற்களில் 55 சதவீதம் மெல்லின வகை, தந்தைச் சொற்களில் 15 சதவீதமே. ரோமன் யாகோப்சன் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்குக் காரணம் விளக்கினார்.

ஆகவே மொழிகளின் உறவுக்குச் சாட்சி கேட்டால், மழலைச் சொற்களை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். பால்–ஹாலு, பல்–ஹல்லு, புலி–ஹுலி, பத்து–ஹத்து: தமிழின் சொல்முதல் பகரம் கன்னடத்தில் இப்படி வரிசையாக ஹகரமாகிறது. உறவை நிறுவுவது இந்த ஒழுங்கு. கொரியத்துக்கும் தமிழுக்கும் இடையே அப்படியோர் ஒழுங்கை இதுவரை யாரும் நிறுவவில்லை. அடுத்த முறை வாட்ஸ்அப்பில் ஒத்த சொற்களின் பட்டியல் வந்தால், அனுப்பியவரிடம் அந்த ஒழுங்கைக் கேளுங்கள்.