மறவாமல் கற்போம், மகிழ்வுடன் காண்போம்

பள்ளிச் சுற்றுலா என்றதும் நம் உள்ளம் துள்ளுகிறது. ஆயினும், செல்லும் இடத்தைப் பற்றி ஒன்றும் அறியாமல் சென்றால் கண்ணிருந்தும் காணாதவராய்த் திரும்புவோம். புறப்படுவதற்கு முதல் நாள் மட்டும் படித்தாலோ, போய்ச் சேருமுன் பெரும்பகுதி மறந்துவிடும்.

ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து மறதியை ஆராய்ந்தார்; 1885இல் முடிவுகளை வெளியிட்டார். கற்றவை முதலில் விரைந்தும், பின்னர் மெல்லவும் மறக்கின்றன. ஒரே நாளில் பன்முறை ஓதுவதினும், பல நாள்களில் இடைவெளி விட்டு ஓதுதலே நன்கு பதியும்.

நம் முன்னோரும் நினைவாற்றலைப் பேணினர். திண்ணைப் பள்ளி ஆசிரியர் மாலையில் பூ, விலங்கு, பறவை, ஊர் ஆகியவற்றின் பெயர்களைச் சொல்லி அனுப்புவார். மாணவர் மறுநாட் காலையில் அவற்றை நினைவிலிருந்து சொல்லவேண்டும். இதனை உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் குறித்துள்ளார்.

சிங்கப்பூரிலுள்ள தேக்காவுக்குச் செல்வதாகக் கொள்வோம். மூன்று வாரங்களுக்கு முன்னரே சிறு அட்டைகள் செய்வோம். முன்புறம் வினா, பின்புறம் விடை.

தேக்கா என்பதன் பொருள் யாது? ஹொக்கியன் சீனத்தில் மூங்கிலின் அடி.

பழைய சந்தையின் மலாய்ப் பெயர் யாது? கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம். அங்கு முன்னர் கால்நடை வாணிகம் நடந்தது. இன்றைய சந்தைக் கட்டடம் 1982இல் திறக்கப்பட்டது.

சிராங்கூன் சாலையில் 1881இல் தோன்றிய கோயில் எது? ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயம்.

டன்லப் தெருப் பள்ளிவாசலில் நுழையுமுன் செய்ய வேண்டியது என்ன? காலணிகளைக் கழற்றி, தொழுவோருக்கு இடையூறின்றி அமைதி காத்தல்.

ஒரு பெட்டியை மூன்று அறைகளாகப் பிரிப்போம். முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை பார்ப்போம். சரியாக விடை கூறிய அட்டை அடுத்த அறைக்குச் செல்லும். தவறியது முதல் அறைக்கே திரும்பும். இவ்வகைப் பெட்டியை 1970களில் பரப்பியவர் செபாஸ்டியன் லைட்னர். விடையைப் புரட்டிப் பார்க்குமுன் நினைவுகூர முயல்வதே இதன் உயிர்நாடி.

இவ்வாறு சென்றால் தெருப்பெயர்கள் நமக்கு வரலாறு கூறும். பிறர் வழிபாட்டிடங்களிலும் மதிப்போடு நடந்துகொள்வோம். அறிந்து காண்போம், கண்டதைப் போற்றுவோம்.