கழுத்துக் கட்டி... புற்றுநோயா, இல்லையா? குழப்பம் தீர்க்க உதவும் மைக்ரோ ஆர்.என்.ஏ!

காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு அந்தப் பாதை ஒரு த்ரில். மலையில் வாழ்பவர்களுக்கோ, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு முழு நாள் போய்விடும். அன்றைய கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும்.

செம்மேடு பக்கத்து ஊரில் 40 வயதுப் பெண் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி. வலி இல்லை. நாமக்கல்லிலோ சேலத்திலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருகிறார். ஸ்கேன் எடுக்கிறார்கள். மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள். ரிசல்ட் வாங்க மறுபடியும் மலையிறங்கி வருகிறார். அதில், ‘புற்றுநோயா, இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்று இருக்கிறது.

இனி என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் இடத்தில்தான் ‘மைக்ரோ ஆர்.என்.ஏ’ வருகிறது.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல

முதலில் ஓர் ஆறுதல். தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அயோடின் குறைந்தாலும் கழுத்து வீங்கும். அது முன்கழுத்துக் கழலை. மலைப்பகுதிகளில் மண்ணிலுள்ள அயோடினை மழை அரித்துக்கொண்டு போவதால், இந்தப் பிரச்னை உலகெங்கும் மலைவாழ் மக்களோடு சேர்த்தே பேசப்படுகிறது.

ஊசிப் பரிசோதனையின் முடிவுகளை மருத்துவர்கள் ‘பெதஸ்டா’ என்ற முறையில் ஆறு வகைகளாகப் பிரிக்கிறார்கள். இரண்டாம் வகை என்றால் அநேகமாகப் பயமில்லை. ஆறாம் வகை என்றால் அநேகமாகப் புற்றுநோய். சிக்கல் நடுவிலுள்ள மூன்றாம், நான்காம் வகைகளில். 2023-ல் வெளியான பெதஸ்டா பதிப்பின்படி, மூன்றாம் வகையில் புற்றுநோய்க்கான வாய்ப்பு சராசரியாக 22%. நான்காம் வகையில் 30%. அதாவது, இந்த ரிசல்ட் வரும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குப் புற்றுநோய் இருக்காது.

ஆனால், அந்த ஏழெட்டுப் பேர் யார் என்று தெரியாது. அதனால் தைராய்டின் பாதியை அறுவை சிகிச்சையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்வது பல காலமாக நடக்கிறது. குரல் நரம்பு பாதிக்கப்படும் அபாயம் சிறிதளவு உண்டு. பாதியை எடுத்தாலே சிலருக்கு வாழ்நாள் முழுக்க தைராய்டு மாத்திரை தேவைப்படும். மலைக்கிராமத்தில் இருப்பவருக்கு மாத்திரை என்றால், அதோடு ரத்தப் பரிசோதனையும், திரும்பத் திரும்ப மருத்துவமனைப் பயணமும் சேர்ந்தே வரும்.

கல்யாணச் சமையல்கட்டில் ஒரு சூப்பர்வைசர்

மைக்ரோ ஆர்.என்.ஏ என்றால் என்ன? கல்யாண வீட்டுச் சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சமையல்காரரிடம் பெரிய நோட்டு இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. எந்தப் பதார்த்தம் வேண்டுமோ, அதை ஒரு சீட்டில் எழுதி அடுப்புக்கு அனுப்புகிறார். அந்தச் சீட்டு, தூது ஆர்.என்.ஏ. அதைப் பார்த்துத் தயாராகும் பதார்த்தம்தான் புரதம். நடுவில் நின்று, ‘சாம்பார் போதும், இந்தச் சீட்டைக் கிழி’ என்று சொல்பவர்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஏறக்குறைய 22 எழுத்துகள் நீளமே கொண்ட குட்டி மூலக்கூறு இது.

அமெரிக்க விஞ்ஞானிகள் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் இதைக் கண்டறிந்து 1993-ல் வெளியிட்டார்கள். ‘புழுவுக்கு மட்டும் உரிய விஷயம்’ என்று அப்போது பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2000-ல் ருவ்குனின் குழு கண்டறிந்த இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ மனிதர்களிடமும் இருப்பது தெரிந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2024-ல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பிரேக்கைப் பிடுங்கும் கும்பல்

தைராய்டு புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ‘பாப்பிலரி’ வகை. அந்தக் கட்டிகளில் மிர்-221, மிர்-222, மிர்-146 ஆகிய மைக்ரோ ஆர்.என்.ஏ-க்கள் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருப்பதை 2005-ல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் குழு கண்டறிந்தது.

அதிகமானால் என்ன? செல்கள் கண்டபடி பெருகாமல் தடுக்கும் பிரேக் போன்ற புரதம் ஒன்று உண்டு, பெயர் பி27. அதைத் தயாரிக்கச் சொல்லும் சீட்டை மிர்-221-உம் 222-உம் முடக்கிவிடுகின்றன. பிரேக் இல்லாத வண்டி, கொண்டை ஊசி வளைவில் இறங்கினால் என்ன ஆகும்? செல்களுக்கும் அதுதான் ஆகிறது. மிர்-146பி என்பதோ, தைராய்டு செல் அயோடினை உள்ளே இழுக்கும் பம்பைக் குறைத்துவிடுகிறது. கதிரியக்க அயோடின் சிகிச்சை வேலை செய்வதே அந்தப் பம்பை நம்பித்தான்.

பயணம் செய்யட்டும் ஸ்லைடு!

மைக்ரோ ஆர்.என்.ஏ மிகச் சிறியது என்பதே மருத்துவர்களுக்கு வசதியாகிவிட்டது. பெரிய மூலக்கூறுகளைப்போல அது சீக்கிரம் சிதைவதில்லை. சாயமேற்றி உலர்ந்த பழைய ஸ்லைடிலும் தாக்குப்பிடிக்கும். எனவே, இரண்டாவது முறை ஊசி குத்தாமல், ஏற்கெனவே எடுத்த ஸ்லைடுகளில் ஒன்றைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் போதும். மலையிலிருந்து நோயாளி இறங்கி வரத் தேவையில்லை. ஸ்லைடு போய் வரும்.

பிரேசிலில் உருவான ‘மிர்-தைப்’ சோதனை இப்படித்தான் செயல்படுகிறது. 11 மைக்ரோ ஆர்.என்.ஏ-க்களின் அளவைப் பார்க்கிறது. நடைமுறையில் 400-க்கும் மேற்பட்ட கட்டிகளில் இதைப் பயன்படுத்திய ஆய்வு 2022-ல் வெளியானது. அவசியமில்லாத அறுவை சிகிச்சைகளில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தவிர்க்க முடிந்ததாக அது சொல்கிறது.

இது மந்திரக்கோல் அல்ல. ‘புற்றுநோய் இல்லை’ என்று வரும் முடிவு சிறிய சதவிகிதம் தவறாகலாம். அதனால் ஸ்கேன் மூலம் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். செலவும் அதிகம். நம் அரசு மருத்துவமனைகளில் இது இன்னும் வழக்கமான பரிசோதனையாகவில்லை. ‘ஒரு சொட்டு ரத்தத்தில் தைராய்டு புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம்’ என்று விளம்பரம் வந்தால் நம்பவேண்டாம். ரத்தத்திலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ-க்களை வைத்துக் கண்டறிவது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது.

இப்போதே செய்யக்கூடியவை

* கண்ணாடி முன் நின்று, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். முன்கழுத்தில் கட்டியோ வீக்கமோ மேலேறி இறங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.
* கட்டி வேகமாக வளர்வது, குரல் கம்முவது, விழுங்கச் சிரமம், கழுத்தின் பக்கவாட்டில் நெறிகட்டுவது ஆகியவை இருந்தால் தாமதம் வேண்டாம்.
* அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள். 2018-19 தேசிய ஆய்வில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் தமிழ்நாட்டில் 61.9% மட்டுமே. உப்பு விளையும் மாநிலம் நம்முடையது என்பதை மறக்கவேண்டாம்.
* ஊசிப் பரிசோதனை செய்திருந்தால் ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். ‘பெதஸ்டா எத்தனையாம் வகை? ஸ்லைடு மருத்துவமனையில் இருக்கிறதா?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செம்மேட்டுப் பெண்ணுக்கும், ‘ஆபரேஷனுக்கு எப்போது வரவேண்டும்?’ என்று கேட்பதற்கு முன்னால் கேட்க இப்போது ஒரு கேள்வி இருக்கிறது: “டாக்டர், கத்தி வைக்காமல் தெரிந்துகொள்ள வேறு வழி இருக்கிறதா?”