வராதவரைத் தேடிச் சென்ற மருத்துவம்

மருத்துவமனைக்கு வருகின்றவர்களை நாம் அறிவோம். வராதவர்களை அறிவது எவ்வாறு? நோய் மிகுந்திருந்தும் தொலைவு, செலவு, ஒரு நாள் கூலி இழப்பு ஆகியவற்றால் வீட்டிலேயே தங்கிவிடுகின்றவர்களைப் பற்றிய கேள்வி இது. அரை நூற்றாண்டுக்கு முன்னரே ஒரு சிற்றூர் மருத்துவர் இதற்கு விடை தேடினார்.

பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் உள்ள கிளின்கோரக், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர். மக்கள்தொகை ஏறத்தாழ 2,000. 1960களின் தொடக்கம் முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்குப் பணியாற்றியவர் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். நல்ல மருத்துவம் யாருக்கு மிகுதியாகத் தேவைப்படுகிறதோ, அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்பதை அவர் கண்டார். 1971இல் ‘தி லான்செட்’ இதழில் இதனைத் ‘தலைகீழ் பராமரிப்பு விதி’ என்று பெயரிட்டு எழுதினார். மருத்துவம் சந்தைப் பொருளாகுமிடத்தில் இந்த ஏற்றத்தாழ்வு மேலும் கூடும் என்றும் எச்சரித்தார்.

குறையைச் சுட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை. உயர் இரத்த அழுத்தத்தைக் கையிலெடுத்தார். பெரும்பாலும் வலியோ வேறு அறிகுறியோ காட்டாமல் இதயம், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றைக் கெடுக்கும் நோய் அது. ஆகவே, துன்பம் தோன்றிய பின்னரே மருத்துவரிடம் செல்வோம் என்று இருப்பவர்களுக்கு அது தெரியாமலே போய்விடுகிறது. இருமலுக்காக வந்தவராயினும், கைக்காயத்திற்காக வந்தவராயினும், அனைவருக்கும் இரத்த அழுத்தம் அளக்கப்பட்டது. பின்னர்ப் பதிவேட்டைப் பார்த்து, எஞ்சியவர்கள் தேடிக் கண்டறியப்பட்டனர். நோய் உறுதியானவர்களுக்கு மருந்து மட்டுமன்றி, புகைப்பழக்கத்தை விடுவதற்கான துணையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளிக்கப்பட்டது.

இருபத்தைந்து ஆண்டுப் பணியின் விளைவு 1991இல் வெளியாயிற்று. உயர் இரத்த அழுத்தம் உடையவர்களிடையே சராசரி அளவு 186/110இலிருந்து 146/84ஆக இறங்கியிருந்தது. அவர்களுள் புகைபிடிப்போர் 56 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தனர். இத்தகைய திட்டம் இல்லாத அண்டை ஊரைவிட, 65 வயதிற்குள் நேரும் இறப்பும் இங்குக் குறைவாக இருந்தது. ஒரு சிற்றூரின் கணக்கே எனினும், அரிய கருவிகள் இன்றி, பதிவேடும் அளவுமானியும் பொறுமையும் கொண்டு எவ்வளவு செய்யலாம் என்பதை அது காட்டிற்று.

தேடிச் செல்லும் இந்நெறி நமக்கும் புதிதன்று. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் இல்லந்தோறும் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர். தொடர் சிகிச்சையில் உள்ளவர்களுக்கு மாத்திரைகளையும் வீட்டிலேயே வழங்குகின்றனர்.

இதில் நம் ஒவ்வொருவருக்கும் பங்குண்டு. நோயாளியின் படுக்கையருகே பல நாள் விழித்திருப்பவர்கள் தம் உடலைப் பற்றி எண்ணுவதில்லை. மருத்துவமனைக்குள்ளேயே இருந்தும், மருத்துவத்திற்கு ‘வராதவர்’ அவர்களே. உடன் வந்துள்ள அன்பர்களே, நோயாளியைப் பார்க்க வரும் செவிலியரிடம், தங்களுக்கும் எங்கே இரத்த அழுத்தம் பார்க்கலாம் என்று தயங்காமல் கேளுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அஞ்ச வேண்டாம். வேறொரு நாளிலும் அளந்து, மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை தொடங்கியவர்கள், உடல் நலமாக இருக்கிறது என்று எண்ணித் தாமாக நிறுத்திவிட வேண்டாம். மாத்திரை வாங்க இயலாத நிலையையோ, அடுத்த முறை வர இயலாத நிலையையோ மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சையைத் தொடர வழி காண இயலும்.

வீடு திரும்பியதும், இதுவரை ஒருமுறையும் இரத்த அழுத்தம் பார்த்திராதவர் குடும்பத்தில் யார் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை அவரையும் உடன் அழைத்து வாருங்கள்.