கேம் உறைந்ததற்குக் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யாதீர்கள்

அந்தமானின் ஜங்லிகாட்டிலும் டெலானிபூரிலும் திரும்பத் திரும்ப நடப்பது இது. பையன் ‘ஜிடிஏ சான் ஆன்ட்ரியாஸ்’ ஆடிக்கொண்டிருக்கும்போது திரை உறைகிறது, அல்லது கேம் தானாக மூடிக்கொள்கிறது. அப்பா சிபியூவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறார். கடையில் எதையும் திறந்து பார்க்காமலே, “ஃபார்மட் போட்டுடலாம் சார்” என்கிறார்கள். கூலியோடு குடும்பப் படங்களும், அக்காவின் கல்லூரி ப்ராஜெக்டும், ஸ்கேன் செய்து வைத்த தீவுவாசி அடையாள அட்டையும் போய்விடுகின்றன. வீட்டுக்கு வந்து அதே பென்டிரைவிலிருந்து அதே கேமை ஏற்றினால், அதே பாலத்தில் அதே மாதிரி உறைகிறது.

2005இல் கம்ப்யூட்டருக்கு வந்த விளையாட்டு அது. 256 எம்பி ராம் இருந்தாலே ஓடும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தார்கள். 2020 ஆகஸ்ட் 10இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்து சேரும்வரை இந்தத் தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பை நம்பித்தான் இருந்தன. அதனால் இங்கே பெரிய கேம்கள் கப்பலில் வந்த பென்டிரைவ் வழியாகவே பரவின. யாரோ அம்பாசடரையும் ஆட்டோவையும் அரசுப் பேருந்தையும் திணித்த பிரதியின் மேல் இன்னொருவர் வேறு மோட்களை, அதாவது ரசிகர்கள் செய்த மாற்றக் கோப்புகளை, திணித்திருப்பார். கேபிள் வந்தபின் அந்தப் பிரதியின் மேலேயே இன்னும் கொட்டுகிறோம்.

இப்படிப்பட்ட கேம் உறைந்தால் முதல் வேலை சேவ் கோப்புகளைக் காப்பாற்றுவது. டாக்குமென்ட்ஸுக்குள் ‘ஜிடிஏ சான் ஆன்ட்ரியாஸ் யூசர் ஃபைல்ஸ்’ என்ற ஃபோல்டர் இருக்கும். ஒன்டிரைவ் ஓடுகிற கம்ப்யூட்டரில் ஒன்டிரைவின் டாக்குமென்ட்ஸில் தேடுங்கள். முடித்த மிஷன்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அதை முழுதாகப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். எடுத்து வைத்த பிறகு, அந்த ஃபோல்டரில் பெயர் ‘செட்’ என்று முடியும் செட்டிங்ஸ் கோப்பை மட்டும் அழித்துவிட்டுக் கேமைத் திறந்து பாருங்கள். தொடக்கத்திலேயே மூடிக்கொள்ளும் கேம் பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். அழித்த கோப்பைக் கேமே புதிதாக எழுதிக்கொள்ளும்.

அடுத்து, உறைவது கேம் மட்டுமா, கம்ப்யூட்டர் மொத்தமுமா என்று பிரித்துப் பாருங்கள். வேறு கேமிலும் வீடியோவிலும் இதே கதி என்றால், அல்லது கம்ப்யூட்டரே தானாக ரீஸ்டார்ட் ஆகிறதென்றால், மோட்களை நோண்டிப் பயனில்லை. பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில் மின்சாரம் எடுக்கும் ஊர் நம்முடையது. மின்சாரம் போய் வருவதும் உப்புக்காற்றும் ஹார்ட் டிஸ்கையும் பவர் சப்ளையையும் கெடுத்துவிடும். யூபிஎஸ் இல்லாமல் ஆடுகிறவர்கள், சேவ் ஆகும் நொடியில் மின்சாரம் போனால் கோப்பு கெடும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எது குற்றவாளி என்பதை விண்டோஸே எழுதி வைக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தட்டுங்கள். ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதற்குள் ‘அப்ளிகேஷன்’. கேம் விழுந்த நேரத்தில் சிவப்புக் குறியோடு ‘அப்ளிகேஷன் எரர்’ என்ற வரி இருக்கும். அதைத் திறந்து ‘ஃபால்ட்டிங் மாட்யூல் நேம்’ எனும் இடத்தைப் படியுங்கள். அங்கே ஒரு மோட் கோப்பின் பெயர் இருந்தால், முதலில் அதை எடுத்துவிட்டு ஆடிப் பாருங்கள். கேமின் பெயரே இருந்தால் கோளாறு வாகனத்திலோ டெக்ஸ்சரிலோ ஸ்கிரிப்டிலோ ஒளிந்திருக்கலாம். இதே ஈவென்ட் வியூவரில் ‘சிஸ்டம்’ பகுதியில் ‘கெர்னல்-பவர் 41’ தென்பட்டால், கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகாமலே நின்றிருக்கிறது என்று பொருள். முதலில் மின்சாரத்தையும் பவர் சப்ளையையும் சந்தேகியுங்கள். இத்தனையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைக் கூலி வாங்கும் கடைகள்கூடச் செலவிடுவதில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

மோட்களைக் கேமின் மூலக் கோப்புகளுக்குள் திணிக்காமல் ‘மோட் லோடர்’ ஃபோல்டரில் வைத்திருந்தால் வேலை பாதிதான். அதில் பாதியை வெளியே எடுத்து ஆடிப் பாருங்கள். விழவில்லை என்றால் குற்றவாளி வெளியே எடுத்த பாதியில். விழுந்தால் உள்ளே இருக்கும் பாதியில். 64 மோட் இருந்தாலும் ஆறே சோதனையில் ஒன்றில் வந்து நிற்கும். மோட் லோடர் எழுதும் லாக் கோப்பில், கேம் எந்த முகவரியில் விழுந்தது என்பதும் இருக்கும். யாரிடமாவது உதவி கேட்கும்போது அதைக் கொடுங்கள். “கேம் வொர்க் ஆகல ப்ரோ” என்று மட்டும் சொன்னால் எவராலும் உதவ முடியாது.

விலை உயர்ந்த ஒரு தவறு உண்டு. ராம் போதவில்லை என்று சொல்லி 16 ஜிபி வாங்க வைப்பார்கள். சான் ஆன்ட்ரியாஸ் 32 பிட் நிரல். சாதாரணமாக 2 ஜிபி முகவரிக்கு மேல் அதனால் தொட முடியாது. எவ்வளவு ராம் போட்டாலும் அந்த எல்லை நகராது. 64 பிட் விண்டோஸில் இலவசமான ‘4ஜிபி பேட்ச்’ அதை 4 ஜிபிக்கு விரிக்கும். சாலைகளும் கட்டடங்களும் மாயமாகி வெறும் நீலம் தெரிந்தால், கனமான எச்டி வாகனங்கள் கேமின் ஸ்ட்ரீமிங் நினைவகத்தை நிரப்பிவிட்டிருக்கும். வாகனங்களைக் குறையுங்கள். ராம் வாங்காதீர்கள்.

கேமின் வெர்ஷனையும் பாருங்கள். பழைய மோட்களில் பெரும்பாலானவை 1.0க்காக எழுதப்பட்டவை, பிந்தைய வெர்ஷனில் போட்டால் விழும். கேமை ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே வைக்காமல் டி டிரைவில் தனி ஃபோல்டரில் வையுங்கள். ‘ஃப்ரேம் லிமிட்டர்’ ஆனில் இருக்கட்டும். அணைத்தால் நீந்துவதுகூட ஒழுங்காக நடக்காது.

விண்டோஸைப் புதுப்பித்த பிறகு கோளாறு வந்தால் விண்டோஸைத் திட்டுவதற்கு முன் ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். விண்டோஸ் 11இன் 24எச்2 புதுப்பிப்புக்குப் பிறகு ஸ்கிம்மர் என்ற கடல் விமானம் கேமிலிருந்தே காணாமல் போனது. ‘சைலன்ட்’ என்ற பெயரில் இயங்கும் மோடர் தோண்டிப் பார்த்து 2025 ஏப்ரலில் காரணத்தை வெளியிட்டார். வாகனப் பட்டியல் கோப்பில் ஸ்கிம்மரின் வரியில் சக்கர அளவை எழுதாமலே விட்டிருந்தார்கள். முந்தைய வாகனத்தைப் படித்தபோது நினைவகத்தில் மிஞ்சிய எண்ணை வைத்தே இருபது ஆண்டாக அந்த விமானம் பறந்திருக்கிறது. புது விண்டோஸ் அந்த மிச்சத்தை மேலெழுதிவிட்டது. அவருடைய ‘சைலன்ட்பேட்ச்’சின் புதிய பதிப்பைப் போட்டால் விமானம் திரும்பி வரும். நீங்கள் ஒட்டும் வாகன மோட்களின் வரிகளும் இப்படி அரைகுறையாக இருக்கலாம். ரீட்மீ கோப்பைப் படித்து ஒவ்வொரு வரியையும் முழுதாகச் சேருங்கள்.

இனி சொல்வதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். “ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்” என்று ஒரு மோட் சொன்னால் அதைத் தொடாதீர்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப்பில் வந்தால் இன்னும் மோசம். ஸ்கேனர் உள்ளே பார்க்கக்கூடாது என்பதற்காக அப்படிப் பூட்டுகிறவர்கள் உண்டு. 2015 மேயில் ஜிடிஏ 5இன் ‘ஆங்கிரி ப்ளேன்ஸ்’ மோடில் நீங்கள் தட்டும் எழுத்துகளைத் திருடும் நிரல் இருந்தது. 2023 ஜூனில் பெயர்பெற்ற தளங்களில் இருந்த மைன்கிராஃப்ட் மோட்களுக்குள்ளேயே ‘ஃப்ராக்சரைசர்’ என்ற தீநிரல் நுழைந்தது. பையன் கேம் ஆடும் கம்ப்யூட்டரில்தான் அப்பா நெட் பேங்கிங்கும் பார்க்கிறார். ஆன்டிவைரஸை அணைக்காதீர்கள். சந்தேகமான கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் தீநிரல் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். யூபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டும், அந்த மோட் ஜிப் கோப்பும் அப்படியே இருக்கட்டும். வங்கிக்கு எழுத்தில் தெரிவித்துப் புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதியின்படி, தவறு உங்களுடையதும் வங்கியுடையதும் அல்லாதபோது, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பில்லை. கவனக்குறைவு உங்களுடையதாகவே இருந்தாலும், புகாருக்குப் பிறகு நடக்கும் இழப்பு வங்கியுடையது. “கேம் ஆடினதுக்கெல்லாம் புகாரா?” என்று யாராவது சிரித்தால் விட்டுவிட்டு வராதீர்கள்.

கடையில் கம்ப்யூட்டரைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட் கேளுங்கள். ‘கேட்காமல் டேட்டா அழிக்கக் கூடாது’ என்று அதில் எழுதி, கடையின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். பில் தராத கடையில் கொடுக்காதீர்கள். அனுமதியில்லாமல் அழித்துவிட்டால் முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அது பலிக்காவிட்டால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ஈ-ஜாக்ரிதி தளத்திலேயே புகார் பதிய முடியும் என்பதால் லிட்டில் அந்தமானில் இருப்பவர் அதற்காகக் கப்பல் ஏற வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். ஜாப் ஷீட், பில், வாட்ஸாப் உரையாடல் மூன்றையும் இணையுங்கள்.